சி.ஆர்.பி. எண்ணும் இடுப்பளவு நாடாவும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கி, ‘முழு உடல் பரிசோதனை’ எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் மலையேறுவது இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்று இரண்டு பக்கத்தில் முடிந்த அறிக்கை இன்று பக்கம் பக்கமாக நீள்கிறது. அதில் ‘இதய நோய் அபாயம்’ என்ற தலைப்பின் கீழ் எச்.எஸ். சி.ஆர்.பி. என்றொரு வரி இருக்கும். உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு அது. எண் மூன்றைத் தாண்டினால் தடித்த எழுத்தில் அச்சாகும். மாதவிடாய் தள்ளிப்போகிறது, தாடையில் முடி வளர்கிறது என்று பார்க்கப் போன இளம்பெண், தனக்கு இதய நோயும் வந்துவிட்டதோ என்ற கலக்கத்தோடு வீடு திரும்புகிறாள்.

அவளுக்கு இதயத்தைப் பற்றிய அக்கறை வேண்டும்தான். அவளைப்போல் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று பரவலாகச் சொல்லப்படுவது) இருப்பவர்களிடம் அந்தப் பேச்சை நம் மருத்துவர்கள் மிகத் தாமதமாகத்தான் எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்கவேண்டிய இடம் சி.ஆர்.பி. வரி இல்லை. அந்த வரி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, மலையில் வாழ்கிற ஒருத்திக்கு அது எப்படியெல்லாம் தடம் மாறும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கலக்கம் தீரும்.

சினைப்பையில் தொடங்காத நோய்

1935-இல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் வராமை, மிகையான முடி வளர்ச்சி, பெருத்த சினைப்பைகள் ஆகியவை அவர்களிடம் சேர்ந்து காணப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்தது சினைப்பை என்பதால் நெடுங்காலம் இது சினைப்பையின் நோயாகவே நடத்தப்பட்டது. சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பதுதான் அப்போதைய சிகிச்சை. இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலினும் மிகுந்திருக்கிறது என்பதும், அது ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன்களின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதும் 1980-இல்தான் வெளிவந்தது. நோயைப் பார்க்கும் பார்வை அங்கிருந்து மாறத் தொடங்கியது.

இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுவது 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல். முறையற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பல சிறு கருமுட்டைப் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று கொள்ளலாம். ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று எழுதப்படுபவை பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகளே. அவற்றை அறுத்து எடுக்கவேண்டியதில்லை. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. அவர்களில் மிகப் பலருக்கு நோய் கண்டறியப்படுவதே இல்லை.

உள்ளே நடப்பது ஒரு சுழற்சி. தசைகளும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. ஆண்ட்ரோஜனைக் கட்டிப்பிடித்து அடக்கி வைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. இதனால் கட்டற்ற ஆண்ட்ரோஜன் கூடுகிறது, கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது, இன்சுலின் இன்னும் கேட்பாரற்றுப் போகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இதன் வெளி அடையாளம். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தேய்த்துப் போகாது. உள்ளே இன்சுலின் ஏறிக்கிடக்கிறது என்பதற்கு, செலவே இல்லாமல் கிடைக்கும் அறிக்கை அது.

மலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் வராது என்றொரு நம்பிக்கை உண்டு. ஏறி இறங்கி, கொழுந்து பறித்து, கேரட் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த உடம்பு என்பார்கள். தாய்மார்களின் உடம்பு அப்படித்தான் இருந்தது. மகள்களில் பலர் திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன்னாலோ கோயம்புத்தூரில் கணினியின் முன்னாலோ உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் ராகிக்களியும் சாமைச் சோறும் இருந்த இடத்தில் ரேஷன் அரிசி வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. மாலையில் சர்க்கரை போட்ட தேநீரோடு, மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்த வர்க்கி. மரபில் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிற உடம்புக்கு இந்த மாற்றம் போதும்.

அழற்சி எங்கிருந்து வருகிறது

அடிபட்டால் வீங்கிச் சிவந்து சூடாவது அழற்சி. நாம் பேசுவது அதுவல்ல. வலியில்லாமல், காய்ச்சலில்லாமல், ஆண்டுக்கணக்கில் தாழ்ந்த அளவில் நடப்பது. குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்புச் செல்கள் அளவுமீறிப் பெருக்கும்போது அவற்றில் சில பிராணவாயு போதாமல் இறக்கின்றன. துப்புரவுக்கு வரும் வெள்ளணுக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவையும் கொழுப்புச் செல்களும் சேர்ந்து டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே அழற்சிச் செய்தி கொண்டுசெல்லும் புரதங்களை, சுரக்கின்றன. முன்னது இன்சுலினின் சமிக்ஞையைக் குலைக்கிறது. பின்னது ரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, சி-ரியாக்டிவ் புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அதுதான் சி.ஆர்.பி.

இந்தப் புரதம் 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிந்ததால் அந்தப் பெயர். கடும் தொற்றில் நூறு மடங்குக்கு மேலும் ஏறும். இதய ஆபத்துக்காகப் பார்ப்பதோ மிகச் சிறிய ஏற்றங்களை. அதற்கு நுண்ணிய அளவீடு தேவைப்பட்டதால் எச்.எஸ். என்ற முன்னொட்டுடன் வேறு சோதனை வந்தது. அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமும் 2003-இல் சேர்ந்து வகுத்த கணக்கில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் சி.ஆர்.பி. கூடியிருப்பதை 2001-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் இருந்த நோயாளிகள் இருபது பேர்கூட இல்லை. பிறகு பல நாடுகளில் பார்த்தார்கள். 2011-இல் ஸ்பெயினின் எஸ்கோபார்-மொரியாலே குழு அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, பி.சி.ஓ.எஸ். பெண்களின் சி.ஆர்.பி. மற்றவர்களைவிடச் சராசரியாக 96 சதவீதம், அதாவது ஏறத்தாழ இரு மடங்கு, கூடுதலாக இருந்தது. ஆனால் சி.ஆர்.பி.யைத் தூண்டிவிடும் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகியவற்றின் ரத்த அளவில் தெளிவான வேறுபாடு இல்லை. பெட்டி பெட்டியாக ‘அழற்சிச் சோதனைத் தொகுப்பு’ விற்கும் ஆய்வகங்கள் இந்த இரண்டாவது முடிவைச் சொல்வதில்லை. சைட்டோகைன்கள் ரத்தத்தில் நிலையாக நிற்பவை அல்ல. திசுவுக்குள் வேலை பார்த்துவிட்டுக் கரைந்துபோகும். அவற்றைத் தனித்தனியாக அளக்கப் பணம் செலவழிப்பதில் இன்றைய நிலையில் நோயாளிக்குப் பயனில்லை.

கூடுதல் எடை உள்ளவர்களிடம் சி.ஆர்.பி. எப்படியும் கூடும். அப்படியானால் இது எடையின் கதைதானா? பெரும்பகுதி அப்படித்தான். முழுவதும் அல்ல என்பதற்கு ஒல்லியான பெண்களே சாட்சி. அமெரிக்காவில் ஃபிராங்க் கொன்சாலஸ் குழுவினர் எடை மிகாத பி.சி.ஓ.எஸ். பெண்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து அவர்களின் வெள்ளணுக்களைப் பார்த்தார்கள். வெறும் சர்க்கரையைக் கண்டதுமே அந்த அணுக்களில் அழற்சிப் பாதை விழித்துக்கொண்டது. அதே எடையுள்ள மற்றப் பெண்களிடம் அவ்வாறு நடக்கவில்லை. ‘நீ ஒல்லிதானே, உனக்கென்ன’ என்று வீட்டிலும் சில சமயம் மருத்துவமனையிலும் கைகழுவப்படும் பெண்களுக்காக இதை இங்கே எழுதுகிறேன்.

அறிகுறியா, காரணமா

இங்கேதான் நிதானம் வேண்டும். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் ‘மண்சரிவு அபாயப் பகுதி’ என்று பலகை நட்டிருப்பார்கள். பலகை சரிவைக் கொண்டுவருவதில்லை. பிடுங்கி எறிந்தால் மலை உறுதியாவதும் இல்லை. சி.ஆர்.பி. அத்தகைய பலகை என்பதற்கு மரபணு ஆய்வுகள் சான்று. பிறவியிலேயே சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரக்கும் மரபணு வகை உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதில்லை. சி.ஆர்.பி. தானே குற்றவாளி என்றால் வந்திருக்கவேண்டும். அதேசமயம் இன்டர்லூக்கின்-6 வேலை செய்யும் பாதையை மட்டுப்படுத்தும் மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு மாரடைப்பு சற்றுக் குறைகிறது. ஆகவே சரிவு இருப்பது மேலே, பலகை நிற்பது கீழே.

அழற்சியை அடக்கினால் இதயம் காப்பாற்றப்படுமா என்று நேரடியாகவே சோதித்தார்கள். பாஸ்டன் மருத்துவர் பால் ரிட்கர் இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் பெயர். அவர் தலைமையில் 2008-இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கெட்ட கொழுப்பு மிகாமல் சி.ஆர்.பி. மட்டும் 2-க்கு மேல் இருந்த 17,802 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்து வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் ஸ்டாட்டின் கொழுப்பையும் இறக்கும், சி.ஆர்.பி.யையும் இறக்கும். எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2017-இல் வந்த கேன்டோஸ் ஆய்வு அந்த முடிச்சை அவிழ்த்தது. கானகினுமாப் என்ற ஊசி கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தது. இதய நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மூட்டுவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வு பலன் தரவில்லை. ஆகவே எந்த அழற்சி, எந்தப் பாதை என்பது முக்கியம். மஞ்சள் மாத்திரை, ‘அழற்சி நீக்கி’ பொடி என்று தொலைபேசித் திரையில் வரும் விளம்பரங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை போலும்.

பெண்களைப் பொறுத்தவரை 2024-இல் ரிட்கர் குழு வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 28,000 அமெரிக்கப் பெண்களிடம் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தை வைத்து 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அடுத்த முப்பது ஆண்டு இதய ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதில் எச்.எஸ். சி.ஆர்.பி., எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைவிடப் பின்தங்கவில்லை, சொல்லப்போனால் முந்தியது. ஆனால் அவர்கள் நடுவயதைத் தொட்ட சுகாதாரத் துறைப் பெண்கள். இருபத்துநான்கு வயதுப் படுகர் பெண்ணுக்கோ தோட்டத் தொழிலாளியின் மகளுக்கோ அந்த விகிதங்களை அப்படியே பொருத்த முடியாது.

மாரடைப்பு உண்மையில் கூடுகிறதா

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பலரும் எதிர்பார்ப்பதைவிட மங்கலானது. 1979-க்கு முன் பிரிட்டனில் நோய் கண்டறியப்பட்ட 786 பெண்களைச் சராசரியாக முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1998-இல் வெளியானது. இதய நோயால் இறந்தவர்கள் பொதுமக்கள் கணக்கைவிடக் கூடுதலாக இல்லை. நீரிழிவோ எதிர்பார்த்ததைவிட அதிகமான மரணங்களில் பங்கு வகித்திருந்தது. அதே நாட்டில் ஈராண்டு கழித்து வந்த ஆய்வில் மாரடைப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. மூளை ரத்தக்குழாய் நோய் கூடியிருந்தது. பின்னர் வந்த பெரிய தொகுப்புகள் இதய நோயும் பக்கவாதமும் கூடுவதாகவே பெரும்பாலும் சொல்கின்றன. கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிப்பது, இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிவது போன்ற முன்னோட்டங்களும் பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

2023-இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் ஒரு முடிவுக்கு வந்தன. பி.சி.ஓ.எஸ். இருப்பதையே இதய ஆபத்தைக் கூட்டும் ஒன்றாகக் கருதவேண்டும். ஆனால் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதில் மொத்த ஆபத்து குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இளம்பெண்ணுக்கு ஆபத்து ‘ஒன்றரை மடங்கு’ என்று யாராவது சொன்னால், எதன் ஒன்றரை மடங்கு என்று கேட்க வேண்டும். மிகச் சிறிய எண்ணின் ஒன்றரை மடங்கும் சிறிய எண்தான். அந்தச் சிறிய எண் நாற்பது, ஐம்பது வயதில் வளர்ந்து நிற்கும்போது கூடவே வளர்வதுதான் கவலை. தெற்காசிய வம்சாவளி என்பதே 2018-இன் அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டியில் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. எச்.எஸ். சி.ஆர்.பி. 2-க்கு மேல் இருப்பதும் அதே பட்டியலில் உண்டு. நம் பெண்கள் பிறக்கும்போதே ஒரு புள்ளியோடு பிறக்கிறார்கள்.

மலையில் எண் தடம் மாறும் இடங்கள்

முதலில் சளி. ஆடி மாதத்தில் கூடலூரிலும் உதகையிலும் மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். சாதாரணத் தொண்டை வலியே சி.ஆர்.பி.யைப் பல மடங்கு ஏற்றிவிடும். 10-க்கு மேல் எண் வந்தால் அதை இதயக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தொற்று எங்கே என்று தேடி, தீர்ந்தபின் மீண்டும் பார்க்கவேண்டும். நலமாக இருக்கும்போதும் இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. ஈறு வீக்கமும் சொத்தைப் பல்லும் இதே வேலையைச் செய்யும். பல் மருத்துவரிடம் போகாமல் இதய மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது விறகுப் புகை. எரிவாயு உருளை வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் வைப்பது விறகில்தான். பனிக்காலத்தில் ஈர விறகு புகையும் அறையிலேயே குடும்பம் குளிர்காய்கிறது. விறகுப் புகையில் நெடுநாள் இருக்கும் பெண்களிடம் அழற்சிக் குறியீடுகள் கூடுவதை இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இங்கே எண்ணைப் பொய் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் புகையே இதயத்துக்குக் கெடுதல்தான். பி.சி.ஓ.எஸ். மீது மட்டும் பழிபோட முடியாது என்பதுதான் விஷயம்.

மூன்றாவது, பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று: கருத்தடை மாத்திரை. மாதவிடாயை ஒழுங்குபடுத்த பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் அதுதான். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் வாய்வழியாக உள்ளே போய்க் கல்லீரலைக் கடக்கும்போது சி.ஆர்.பி. உற்பத்தியை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. உடலில் அழற்சி கூடாமலேயே எண் இரு மடங்காகலாம். மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுத்த அறிக்கையைப் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு ‘நோய் முற்றிவிட்டது’ என்று நினைப்பதில் பொருளில்லை. அறிக்கையைக் காட்டும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லிவிட வேண்டும்.

அலகும் ஏமாற்றும். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்கு. ஒன்றில் 0.4 என்பது இன்னொன்றில் 4. அரசு மருத்துவமனைகளிலும் சிறு ஆய்வகங்களிலும் அட்டையில் சொட்டுவிட்டுப் பார்க்கும் பழைய சி.ஆர்.பி. சோதனை 6 மில்லிகிராமுக்குக் கீழே எதையும் காட்டாது. அதில் ‘நெகட்டிவ்’ வந்தால் தொற்று பெரிதாக இல்லை என்று பொருள். இதயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நீலகிரிக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. இந்தியாவில், சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துவிடும் அரிவாள் செல் மரபணு முதன்முதலாகப் பதிவானது இந்த மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் ஆகியோர் இங்குள்ள பழங்குடியினரிடம் அதைக் கண்டு எழுதினார்கள். இன்றும் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் அது இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை நெடுங்காலமாக இதற்கென்று பணியாற்றுகிறது. 2023-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒழிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இதற்கும் நம் பேச்சுக்கும் என்ன தொடர்பு? அழற்சியைப் பார்க்கப் பழைய காலத்திலிருந்து பயன்படும் இ.எஸ்.ஆர். சோதனை, சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும் வேகத்தை அளக்கிறது. அரிவாளாக வளைந்த அணுக்கள் அப்படி அடுக்காது. அழற்சி இருந்தும் எண் தாழ்வாக வரும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சாதாரண ரத்தசோகையிலோ நேர்மாறு: அழற்சி இல்லாமலேயே இ.எஸ்.ஆர். ஏறும். மலைத் தோட்டங்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று இங்கே வேலை பார்த்த எந்தச் செவிலியரும் சொல்வார்.

சர்க்கரையைப் பார்க்கும் மூன்று மாதச் சராசரிச் சோதனையான எச்.பி.ஏ.1.சி.யும் இதே வலையில் சிக்குகிறது. அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. ஹீமோகுளோபினே மாறுபட்டிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் அழிந்தாலோ எண் குறைந்து தெரியும். இரும்புக் குறைவில் கூடித் தெரியும். பி.சி.ஓ.எஸ்.ஸில் சர்க்கரை நிலையை அறிய 2023 நெறிகள் முதலிடம் தருவது வேறொன்றுக்கு: வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பது. கர்ப்பிணிகளுக்காக 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைத் தமிழ்நாட்டின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. பொட்டலமும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது. கர்ப்பமாகாத இருபது வயதுப் பெண்ணுக்கும் அதையே செய்வதில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை, யாரும் கேட்காததைத் தவிர.

எதை அளப்பது

என் வரிசை இது. இடுப்புச் சுற்றளவு முதலில். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. தையற்காரரின் நாடா போதும். எடைக் குறியீட்டில் (பி.எம்.ஐ.) நமக்கு 23-இலேயே கவனம் தொடங்கவேண்டும், மேற்கத்திய அட்டவணையின் 25 வரை காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஆண்டுக்கு ஒருமுறையாவது. கொழுப்புச் சோதனை நோய் தெரிந்த அன்றே. இந்த நோயில் எல்.டி.எல்.லைவிட, ஏறிக்கிடக்கும் டிரைகிளிசரைடும் தாழ்ந்த எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பும்தான் அதிகம் கண்ணில் படும். குளுக்கோஸ் சோதனை நோய் தெரிந்தபோதும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும். குறட்டையும் பகல் தூக்கமும் உண்டா என்று கேட்கவேண்டும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இவர்களிடம் கூடுதல். தொற்றாநோய்களுக்கான நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் முப்பது வயதைத் தாண்டியவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. பி.சி.ஓ.எஸ். பெண் அதுவரை காத்திருக்கக் கூடாது.

இவையெல்லாம் தெரிந்தபின், ஸ்டாட்டின் தேவையா இல்லையா என்று நாற்பதை நெருங்கும் ஒருவருக்கு முடிவெடுக்க முடியாமல் மருத்துவர் தயங்கினால், அப்போது எச்.எஸ். சி.ஆர்.பி. உதவும். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் பயன்படும் கடைசி எடைக்கல் அது. ஸ்டாட்டினைக் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போது பொதுவாக நிறுத்திவிடுவார்கள் என்பதால், குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கே வேறு.

எண்ணை இறக்க என்ன வழி? மலைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்படும் பழங்கதை ஒன்று இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. நாட்டின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த அவர், தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு எலிகளை நலிவடையச் செய்ததைக் கண்டார். அவர் தேடியது வைட்டமின் குறைவை, இன்சுலினை அல்ல. ஆனாலும் தட்டில் அரிசியின் பங்கைக் குறைத்து, பயறும் கீரையும் முட்டையும் இந்த மலையிலேயே விளையும் பீன்ஸும் முட்டைக்கோசும் கூட்டச் சொன்னால் இரு காலத்துக்கும் பொருந்தும். கூடுதல் எடை உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மாதவிடாயும் இன்சுலினும் பலருக்குச் சீராகத் தொடங்கும், சி.ஆர்.பி.யும் இறங்கும். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி எடை குறையாதபோதும் பலன் தரும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இன்சுலினைச் சரிசெய்வதோடு சி.ஆர்.பி.யையும் ஓரளவு இறக்குகிறது. நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும். அந்த ஹோமோசிஸ்டீனையும் இதய ஆபத்துக் குறியீடு என்று அதே அறிக்கை தடித்த எழுத்தில் அச்சிடும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பி12-ஐ அவ்வப்போது பார்த்துக்கொண்டால் வீண் பதற்றத்தைத் தவிர்க்கலாம்.

கடைசியாக, எந்த ஆய்வகமும் அளக்காத ஒரு சான்று. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவது மற்றவர்களைவிட அதிகம். குழந்தை பிறந்ததும் இரண்டும் இறங்கிவிடுவதால் ‘சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்படி ஏறியிருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது சி.ஆர்.பி.யைப் பற்றிச் சொல்லப்படும் எதையும்விட உறுதியாக நிறுவப்பட்டது. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் குளுக்கோஸ் சோதனை செய்யவேண்டும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் அதே நாளில் அதையும் முடித்துவிடலாம். பேறுகால அட்டையையும் குழந்தை பெரிதானதும் பரணில் போட்டுவிடாமல், நாற்பது வயதில் முதன்முதலாக இதய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரத்த அறிக்கைகளுக்கு மேலே வைத்துக் காட்டவேண்டும்.